வெண்புள்ளி இருப்பவருக்குத் தைராய்டு பரிசோதனை: எது போதும், எது வீண்?

தோலில் வெண்புள்ளி தெரிந்து மருத்துவரிடம் போனால், அவர் எழுதித் தரும் சீட்டில் களிம்போடு சேர்த்துப் பல நேரம் ஒரு தைராய்டு டெஸ்டும் இருக்கும். தோலுக்கும் தைராய்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வாயெடுப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுவார்கள். லேபுக்குப் போனால் இன்னொரு குழப்பம். "டி.எஸ்.எச். மட்டும் போதுமா மேடம், இல்ல ஃபுல் தைராய்டு ப்ரொஃபைல் போட்டுடவா? பேக்கேஜா எடுத்தா சல்லிசு" என்பார்கள். சிலர் பயந்துபோய் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, புரியாத நான்கு பக்க ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க கூகுளில் தேடுவார்கள். சிலர், "எனக்குத்தான் உடம்புக்கு ஒன்றும் இல்லையே" என்று எதையும் எடுக்காமல் விட்டுவிடுவார்கள்.

என் அத்தைக்கு நெடுநாளாக வெண்புள்ளி. அவர் மகளுக்கு ஹஷிமோட்டோ வகைத் தைராய்டு. அதனால் இந்தக் கேள்வியை நான் வெளியே நின்று பார்க்கவில்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு இரண்டே டெஸ்ட் போதும்: டி.எஸ்.எச். (தைராய்டைச் சுரக்கச் சொல்லி மூளையடிச் சுரப்பி அனுப்பும் ஹார்மோனின் அளவு), அதோடு முதல் முறை மட்டும் ஆன்டி-டி.பி.ஓ. (தைராய்டுக்கு எதிரான ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம், ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது). அதன் பிறகு வருடத்துக்கு ஒரு டி.எஸ்.எச். ஏன் இதற்குக் குறைவாக வேண்டாம், ஏன் இதற்கு மேல் தேவையில்லை என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. உங்கள் மருத்துவரிடம் என்ன கேட்கலாம் என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

எப்படி இரண்டும் சேர்ந்து வருகின்றன

தோலுக்கு நிறம் தருபவை மெலனோசைட் என்னும் செல்கள். வெண்புள்ளியில் நம் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் டி செல்களே அவற்றைத் தேடி அழிக்கின்றன. ஹஷிமோட்டோவில் அதே மண்டலம் தைராய்டு சுரப்பியைத் தாக்குகிறது. சுரப்பு மெல்ல மெல்லக் குறைகிறது. கிரேவ்ஸ் நோயில் அது சுரப்பியைத் தூண்டிவிட்டு அளவுக்கு மீறிச் சுரக்க வைக்கிறது. இந்த மூன்றுக்கும் பொதுவான மரபணுக் கூறுகள் உண்டு. ஆகவே வெண்புள்ளி போய்த் தைராய்டைக் கெடுப்பதும் இல்லை, தைராய்டு போய்த் தோலை வெளுக்க வைப்பதும் இல்லை. ஒருவர் உடம்பில் ஒன்று வந்திருந்தால் மற்றொன்றும் வரும் வாய்ப்பு கூடுதல், அவ்வளவுதான். பெரும்பாலும் தோல்தான் முந்திக்கொள்ளும். தைராய்டு சில வருடம் கழித்து வரும். பரிசோதனைக்கு அர்த்தம் வருவதே இந்த இடைவெளியால்தான்.

எவ்வளவு கூடுதல்? 2012-இல் 48 ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்த ஒரு மதிப்பாய்வில், வெண்புள்ளி உள்ளவர்களில் சராசரியாக 15.1 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு தைராய்டு நோய் இருந்தது. தைராய்டுக்கு எதிரான ஆன்டிபாடி 20.8 சதவீதம் பேரிடம் இருந்தது. வெண்புள்ளி இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், நோய் எதிர்ப்பு மண்டலமே உடம்பைத் தாக்குவதால் வரும் ஆட்டோஇம்யூன் தைராய்டு நோயின் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்கு. வயது ஏற ஏற இது கூடுகிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் கலங்க வேண்டாம். திருப்பிப் போட்டால், வெண்புள்ளி உள்ள நூறு பேரில் எண்பத்தைந்து பேருக்குத் தைராய்டு சரியாகவே இருக்கிறது. இன்னொன்று, நம் நாட்டில் தைராய்டு ஏற்கெனவே சர்வ சாதாரணம். 2013-இல் வெளியான, சென்னை உட்பட எட்டு இந்திய நகரங்களில் 5,376 பேரிடம் நடத்திய ஆய்வில், 10.95 சதவீதம் பேருக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு இருந்தது, ஆன்டி-டி.பி.ஓ. 21.85 சதவீதம் பேருக்குப் பாசிட்டிவ். வெண்புள்ளி இருக்கிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர், பொதுவான மக்கள். ஆகையால் உங்கள் ரிப்போர்ட்டில் ஆன்டி-டி.பி.ஓ. பாசிட்டிவ் என்று தடித்த எழுத்தில் வந்தால், தெருவில் ஐந்து பேரில் ஒருவருக்கு அது இருக்கக்கூடும் என்பதையும் சேர்த்தே நினைத்துக்கொள்ளுங்கள்.

எல்லா வெண்புள்ளியும் ஒன்றல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். உடம்பின் இரு பக்கமும், விரல் நுனி, உதடு, கண்ணைச் சுற்றி, முட்டி என்று சமமாகப் பரவும் வகைதான் தைராய்டோடு அதிகம் சேர்ந்து வருகிறது. ஒரே பக்கத்தில், ஒரு பட்டைபோல வந்து சில மாதங்களில் நின்றுவிடும் வகைக்கு அந்தத் தொடர்பு மிகக் குறைவு. உங்களுக்கு எது என்று தோல் மருத்துவரிடம் ஒரு வரியில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

நான்கு வழிகள்

முதல் வழி, ஒன்றும் எடுக்காமல் அறிகுறி வந்தால் பார்த்துக்கொள்வது. கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் தைராய்டு சுரப்புக் குறைவின் அறிகுறிகளைப் பாருங்கள்: சோர்வு, உடம்பு போடுதல், மலச்சிக்கல், முடி கொட்டுதல், தோல் வறட்சி, மாதவிலக்குத் தள்ளிப்போவது. நம் வீட்டுப் பெண்கள் இவற்றில் எதையாவது நோய் என்று எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போகிறார்களா? "வயசாகுதில்ல, வேலை ஜாஸ்தி" என்று சொல்லியே காலம் ஓட்டிவிடுவார்கள். அறிகுறியை நம்பிக் காத்திருப்பது ஒரே பக்கமாக வரும் வெண்புள்ளிக்காரருக்குப் பொருந்தும். பரவும் வகைக்கு, அதிலும் பெண்களுக்கு, நான் இதைச் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது வழி, வருடத்துக்கு ஒரு முறை டி.எஸ்.எச். மட்டும். செலவு குறைவு, அரசு மருத்துவமனைகளிலும் எடுக்கலாம், சுரப்பு கூடினாலும் குறைந்தாலும் முதலில் அசைவது இந்த எண்தான்: சுரப்பு குறைந்தால் இது ஏறும், கூடினால் இறங்கும். ஒன்றே ஒன்றுதான் முடியும் என்றால் இதை எடுங்கள். இதில் உள்ள குறை, இன்றைய நிலையை மட்டும் சொல்லும். நாளைக்கு எவ்வளவு கவனம் வேண்டும் என்று சொல்லாது.

மூன்றாவது வழி, முதல் முறை மட்டும் டி.எஸ்.எச்.சோடு ஆன்டி-டி.பி.ஓ.வையும் சேர்த்து எடுப்பது. இதன் பலன் இதுதான்: டி.எஸ்.எச். சரியாக இருந்து ஆன்டிபாடியும் இல்லை என்றால் மனம் நிம்மதியாகும், அடுத்த டெஸ்டைக் கொஞ்சம் தள்ளிக்கூட வைக்கலாம். டி.எஸ்.எச். சரி, ஆன்டிபாடி இருக்கிறது என்றால் வருடா வருடம் தவறாமல் பார்க்க வேண்டியவர் நீங்கள். இங்கிலாந்தின் விக்கம் என்ற ஊர்ப்பகுதியில் மக்களை இருபது வருடம் பின்தொடர்ந்து 1995-இல் வெளியிட்ட கணக்கு இதற்கு நல்ல துணை. ஆன்டிபாடி மட்டும் இருந்த பெண்களில் வருடத்துக்கு 2.1 சதவீதம் பேரும், டி.எஸ்.எச். மட்டும் ஏறியிருந்தவர்களில் 2.6 சதவீதம் பேரும், இரண்டும் இருந்தவர்களில் 4.3 சதவீதம் பேரும் முழுத் தைராய்டுக் குறைவுக்குப் போனார்கள். ஆன்டி-டி.பி.ஓ.வுக்கு டி.எஸ்.எச்.சைவிடச் செலவு அதிகம்தான், ஆனால் ஒரு முறை எடுத்தால் போதும். "போன தடவை 240, இந்தத் தடவை 310 ஆயிடுச்சே" என்று ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதை எடுத்துப் பார்த்துக் கவலைப்படுபவர்களை எனக்குத் தெரியும். அந்த எண் ஏறுவதையும் இறங்குவதையும் வைத்து யாரும் மருந்தை மாற்றப் போவதில்லை. இருக்கிறதா இல்லையா என்பது மட்டுமே செய்தி.

நான்காவது வழி, முழுப் பேக்கேஜும் கழுத்து ஸ்கேனும். இதைப் பற்றித்தான் விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் பணத்தையும் தூக்கத்தையும் இழப்பது இங்கேதான்.

பேக்கேஜில் வரும் டி3, டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்கள்) பெரும்பாலும் மொத்த அளவு. ரத்தத்தில் ஹார்மோனைச் சுமந்து செல்லும் புரதத்தோடு ஒட்டியிருப்பதையும் சேர்த்து அளப்பது. கர்ப்பத்திலும், கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் அந்தப் புரதம் கூடும். உடனே மொத்த டி4 'அதிகம்' என்று சிவப்பில் வரும். சுரப்பியில் ஒரு குறையும் இருக்காது. இதில் ஒரு சிக்கல் பாருங்கள். கருத்தடை மாத்திரையால் முகத்தில் மங்கு விழும் பெண்களும் இருக்கிறார்கள். மங்குக்குக் காரணம் தேடிப் பேக்கேஜ் எடுப்பார், மொத்த டி4 ஏறியிருக்கும், "பார்த்தியா, தைராய்டுதான்" என்று வீடே முடிவு கட்டிவிடும். மங்கு, டி4 இரண்டுக்கும் காரணம் அதே மாத்திரை. டி.எஸ்.எச். மாறியிருந்தால் ஃப்ரீ டி4, அதாவது புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் டி4, பார்ப்பதுதான் சரியான அடுத்த படி. பல லேபுகளில் அதே ரத்தத்திலேயே பிறகு சேர்த்துப் போட்டுத் தருவார்கள்.

ஸ்கேன் இன்னும் மோசம். கழுத்தில் கட்டி தட்டுப்படாத ஒருவரைப் பிடித்து ஸ்கேன் செய்தால், நிறையப் பேருக்கு ஏதோ ஒரு சிறு முடிச்சு இருக்கத்தான் செய்யும். பெரும்பாலானவை வாழ்நாள் முழுக்க ஒன்றும் செய்யாதவை. தென் கொரியாவில் உடல் பரிசோதனைப் பேக்கேஜோடு தைராய்டு ஸ்கேனையும் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கியபின், 2011-இல் கண்டுபிடிக்கப்பட்ட தைராய்டு புற்றுநோய்களின் விகிதம் 1993-ஐப்போல 15 மடங்கு ஆனது. இறப்பு விகிதமோ மாறவே இல்லை. அதாவது, தேவையே இல்லாமல் ஆயிரக்கணக்கானவர்கள் கழுத்தில் கத்தி வைத்துக்கொண்டார்கள், வாழ்நாள் முழுக்க மாத்திரைக்கு ஆளானார்கள். வெண்புள்ளிக்காகத் தைராய்டு ஸ்கேன் எடுக்கச் சொன்னால், "கழுத்தில் ஏதாவது தட்டுப்படுகிறதா டாக்டர்?" என்று கேளுங்கள். இல்லை என்றால் வேண்டாம்.

பிரிட்டனின் தோல் மருத்துவர்கள் சங்கம் வெண்புள்ளிக்கு வெளியிட்ட வழிகாட்டுதலும் ரத்தத்தில் தைராய்டைப் பார்க்கத்தான் சொல்கிறது. ஸ்கேனைக் கட்டாயமாக்கவில்லை.

டெஸ்டுக்கு முன் வாயில் போட்டது என்ன?

எந்த வழியைத் தேர்ந்தாலும் இதைக் கவனிக்காவிட்டால் ரிப்போர்ட் பொய் சொல்லும். நிறம், முடி, நகம் என்று கவலைப்படும் பலரும் மருந்துக்கடையில் வாங்கும் மாத்திரையில் பயோட்டின் இருக்கும். அட்டையைத் திருப்பிப் பாருங்கள். 5 மில்லிகிராம் அல்லது 10 மில்லிகிராம் என்று போட்டிருக்கும். ஒரு நாளைக்கு உடம்புக்கு வேண்டியது சுமார் 30 மைக்ரோகிராம்தான். பல லேபுகளின் தைராய்டு டெஸ்ட் வேலை செய்வதே பயோட்டின் ஒட்டும் தன்மையை வைத்து. ரத்தத்தில் பயோட்டின் மிதமிஞ்சி இருந்தால் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும் ஃப்ரீ டி4 பொய்யாக ஏறியும் வரும். ரிப்போர்ட்டைப் பார்ப்பவருக்கு அச்சு அசலாகக் கிரேவ்ஸ் நோய்போலவே தெரியும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இல் இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. டெஸ்டுக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே அந்த மாத்திரையை நிறுத்திவிடுங்கள், லேபிலும் சொல்லுங்கள்.

வெண்புள்ளி வேகமாகப் பரவும்போது வாரத்தில் அடுத்தடுத்த இரண்டு நாள் ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கும் முறை நம் நாட்டில் பரவலாக உண்டு. ஸ்டீராய்டும் டி.எஸ்.எச்.சைக் கொஞ்சம் அமுக்கும். ஆகவே எந்த நாளில் மாத்திரை, எந்த நாளில் ரத்தம் எடுத்தது என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும். டி.எஸ்.எச். காலையில் ஒன்றும் பிற்பகலில் ஒன்றுமாக இருக்கும் என்பதால், திரும்ப எடுக்கும்போது அதே லேப், ஏறக்குறைய அதே நேரம் என்று வைத்துக்கொள்வது நல்லது.

எண் கொஞ்சம் ஏறியிருந்தால்: மாத்திரையா, பொறுத்திருப்பதா?

அத்தை மகளின் முதல் ரிப்போர்ட் இப்படி இருந்தது: டி.எஸ்.எச். 6.8. ஃப்ரீ டி4 சரி. ஆன்டி-டி.பி.ஓ. பாசிட்டிவ். இந்த மாதிரி ரிப்போர்ட்தான் அதிகம் வரும். டி.எஸ்.எச். 10-க்கு மேல் போனால் பெரும்பாலான மருத்துவர்கள் மாத்திரை ஆரம்பித்துவிடுவார்கள், அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. 4.5-க்கும் 10-க்கும் நடுவே நிற்பவர்களுக்குத்தான் இரண்டு வழி.

பொறுத்திருப்பது என்றால் சும்மா இருப்பதல்ல. இரண்டு மூன்று மாதம் கழித்து மீண்டும் டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 எடுப்பது. பலருக்கு அது தானாகவே இறங்கிவிடும். காய்ச்சல் வந்து தேறிய பிறகோ வேறு நோயிலிருந்து மீளும்போதோ தற்காலிகமாக ஏறியிருக்கலாம். வயதானவர்களுக்குப் பொறுத்திருப்பதே மேல். 2017-இல் வெளியான ஒரு பெரிய ஐரோப்பிய ஆய்வில், 65 வயதைத் தாண்டிய, டி.எஸ்.எச். லேசாக ஏறியிருந்த 737 பேரில் பாதிப் பேருக்கு மாத்திரையும் பாதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். சோர்விலோ மற்ற அறிகுறிகளிலோ வித்தியாசம் தெரியவில்லை. முதியவர்களுக்கு அளவு கூடிப்போனால் இதயத்துடிப்பு தாறுமாறாவதும் எலும்பு தேய்வதும்தான் மிச்சம்.

உடனே மாத்திரை என்பது யாருக்குப் பொருந்தும்? குழந்தைக்குத் திட்டமிடும் பெண்ணுக்கு. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் கருவுக்குத் தாயின் தைராய்டு ஹார்மோன்தான் ஆதாரம். அத்தை மகளுக்கு அப்போது கல்யாணமாகிச் சில மாதம்தான். மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, "குழந்தைக்குப் பார்க்கறீங்களாம்மா?" என்பது. ஆமாம் என்றதும் குறைந்த அளவில் ஆரம்பித்தார். அவர் கேட்டது சரியான கேள்வி. அதே ரிப்போர்ட்டோடு ஐம்பத்தைந்து வயது அத்தை போயிருந்தால் அநேகமாகப் பொறுத்திருக்கச் சொல்லியிருப்பார். ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: டி.எஸ்.எச். சரியாகவே இருந்து ஆன்டிபாடி மட்டும் பாசிட்டிவ் என்றால், கர்ப்பத்துக்காக மாத்திரை சாப்பிடுவதால் பலன் இல்லை என்று 2019-இல் வந்த பிரிட்டன் ஆய்வு காட்டியது. ஆன்டிபாடியைக் காட்டி உங்களுக்கு மாத்திரை எழுதினால், காரணம் கேட்பதில் தவறில்லை.

மாத்திரை என்று முடிவானால் அடுத்த கேள்வி நம் வீட்டுக் காபி. தைராய்டு மாத்திரையான லெவோதைராக்சினை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை காபிகூடக் குடிக்கக் கூடாது. காலை ஐந்தரைக்கு எழுந்து காபி போடாமல் நாளைத் தொடங்க முடியாத பெண்களுக்கு இது பெரிய தொந்தரவு. பலரும் மாத்திரையையும் காபியையும் ஐந்து நிமிட இடைவெளியில் முடித்துவிட்டு, டோஸ் ஏறிக்கொண்டே போகிறதே என்று வருந்துகிறார்கள். இன்னொரு வழி உண்டு: இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது சாப்பிடுவது. 2010-இல் நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வில் இரவில் சாப்பிட்டவர்களுக்கு அளவுகள் காலையைவிட நன்றாகவே இருந்தன. சீக்கிரம் சாப்பிட்டுவிடும் வீடுகளுக்கு இது பொருந்தும். பத்து மணிக்குத் தோசை வார்க்கும் வீடுகளுக்குக் காலையே சரி. எப்போது சாப்பிட்டாலும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

இங்கே பலரும் நம்பி ஏமாறும் ஒரு விஷயம். தைராய்டு மாத்திரை சாப்பிட்டால் வெண்புள்ளி மறைந்துவிடும் என்பது உண்மையில்லை. சுரப்பியின் குறையை அது ஈடுகட்டும். தோலில் நடக்கும் தாக்குதலை நிறுத்தாது. அத்தை இதைத்தான் முதலில் கேட்டார்: "ஏம்ப்பா, இவ மாத்திரைய நானும் போட்டுக்கிட்டா கலர் வந்துடுமா?" வராது அத்தை. நிறத்துக்கு வேண்டியது வேறு: டாக்ரோலிமஸ் களிம்பு, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை புற ஊதா ஒளிச் சிகிச்சை, 2022-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ருக்ஸோலிட்டினிப் களிம்பு, பரவாமல் நின்றுவிட்ட இடங்களுக்கு அறுவைச் சிகிச்சை. தைராய்டு ரிப்போர்ட் வரட்டும் என்று இவற்றைத் தள்ளிப்போடுவது நஷ்டம். முகத்திலும் கழுத்திலும் புதிதாக வந்த புள்ளிகள்தான் சிகிச்சைக்கு நன்றாக இணங்கும். விரல் நுனியில் வந்தது சுலபத்தில் மசியாது.

மீனும் பாலும் சேர்த்துச் சாப்பிட்டதால் வந்தது என்ற பேச்சை விட்டுவிடலாம். அயோடின் உப்பை நிறுத்துவதும் வேண்டாம். கடற்பாசி மாத்திரை, அயோடின் சொட்டு மருந்து என்று கூடுதலாகச் சேர்ப்பதும் வேண்டாம். ஆன்டிபாடி உள்ளவர்களுக்கு அளவு மீறிய அயோடின் சுரப்பியை மேலும் கெடுக்கும்.

வெளுப்பு அல்ல, கருப்பு என்றால்

நிறம் குறைவதற்குச் சொன்னதை எல்லாம் நிறம் கூடுவதற்கும் பொருத்தக் கூடாது. அங்கே தைராய்டு டெஸ்டைவிட முந்தி எடுக்க வேண்டியவை உண்டு.

கன்னத்தில் விழும் மங்குக்கு வெயிலும், கர்ப்பமும், கருத்தடை மாத்திரையும், குடும்ப வழியும்தான் பெரிய காரணங்கள். 1985-இல் வந்த ஓர் ஆய்வு, மங்கு உள்ள பெண்களிடம் தைராய்டுக் கோளாறு நான்கு மடங்கு அதிகம் என்றது. அதன்பின் வந்தவை ஒரே குரலில் பேசவில்லை. என் கணக்கில், தைராய்டு அறிகுறியோ குடும்பத்தில் தைராய்டோ இருந்தால் ஒரு டி.எஸ்.எச். எடுத்துப் பார்க்கலாம். இல்லையென்றால் அந்தப் பணத்தை இரும்பு ஆக்சைடு கலந்த, லேசாக நிறமுள்ள சன்ஸ்கிரீனில் போடுங்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கருக்கும். வெள்ளைக் களிம்பாக இருக்கும் சாதாரண சன்ஸ்கிரீன் அதை அவ்வளவாகத் தடுக்காது.

பிடரியிலும் அக்குளிலும் வெல்வெட் துணிபோலத் தடித்துக் கருத்தால், அது அழுக்கும் இல்லை, பெரும்பாலும் தைராய்டும் இல்லை. இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்று உடம்பு காட்டும் அடையாளம். சர்க்கரையும், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ1சி.யும் எடுங்கள். நார் போட்டுத் தேய்த்துப் பிள்ளைகளின் கழுத்தைப் புண்ணாக்க வேண்டாம்.

விரல் கணுக்கள் மட்டும் கருத்துப்போனால் வைட்டமின் பி12 பாருங்கள். இதை உலகுக்குத் தெளிவாக எடுத்துச் சொன்னவர்களில் வேலூர் சி.எம்.சி.யின் எஸ். ஜே. பேக்கரும் அவரோடு இருந்தவர்களும் அடங்குவர்; 1963-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். ஊசி போட்டால் சில மாதங்களில் பழைய நிறம் திரும்பும். வெண்புள்ளி, தைராய்டு இரண்டும் உள்ளவர்களுக்கு பி12-ஐ உறிஞ்ச முடியாமல் செய்யும் ஆட்டோஇம்யூன் ரத்தசோகையும் சேர்ந்து வரக்கூடும் என்பதால், அவர்கள் ஒரு முறை இந்த டெஸ்டையும் எடுப்பது வீணல்ல.

கடைசியாக ஒன்று, அரிது, ஆனால் உயிரைக் காப்பது. உள்ளங்கை ரேகைகள், ஈறுகள், பழைய தழும்புகள் கருத்து, அதோடு எடை குறைந்து, எழுந்து நின்றால் தலைசுற்றி, உப்புக்கு நாக்கு ஏங்கினால் அது அட்ரினல் சுரப்பி செயலிழக்கும் அடிசன் நோயாக இருக்கலாம். அதுவும் இதே ஆட்டோஇம்யூன் கூட்டத்தைச் சேர்ந்தது. அந்த நிலையில் டி.எஸ்.எச். ஏறியிருக்கிறதே என்று தைராய்டு மாத்திரையை மட்டும் ஆரம்பித்தால், அட்ரினல் சுரக்கும் கொஞ்சநஞ்சக் கார்டிசோல் ஹார்மோனும் சீக்கிரம் தீர்ந்து ஆபத்தில் முடியும். முதலில் கார்டிசோல் பார்த்து அதற்கு மருந்து, பிறகுதான் தைராய்டு. இந்த அடையாளங்கள் இருந்தால் மாத்திரையைத் தொடுவதற்கு முன் மருத்துவரிடம் கையை விரித்துக் காட்டுங்கள்.

வீட்டில் மற்றவர்களுக்கு?

2003-இல் வெண்புள்ளி உள்ள 2,600-க்கும் அதிகமானோரின் குடும்பங்களைப் பார்த்தபோது, தைராய்டு, ஆட்டோஇம்யூன் ரத்தசோகை, அடிசன் ஆகியவை நோயாளிகளிடம் மட்டுமல்ல, உடன்பிறந்தோர், பெற்றோர், பிள்ளைகளிடமும் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தன. அதற்காக வீட்டில் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி ரத்தம் எடுக்க வேண்டும் என்றில்லை. வெண்புள்ளியும் இல்லாமல் அறிகுறியும் இல்லாத அண்ணன் தம்பிக்கு ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்தால், தெரிந்துகொண்டு செய்ய ஒன்றும் இருக்காது. வீட்டுப் பெண்கள் குழந்தைக்குத் திட்டமிடும்போதும், குழந்தை பிறந்த முதல் வருடத்தில் சோர்வோ படபடப்போ மிகுந்தாலும் ஒரு டி.எஸ்.எச். எடுக்கட்டும். வெண்புள்ளி வந்திருக்கும் குழந்தைக்கு மட்டும் காத்திருக்காமல் எடுத்துவிடுங்கள். ஒத்த வயதுப் பிள்ளைகள் வளர அவன் மட்டும் உயரத்தில் தேங்கி நின்றால், அடுத்த வருட டெஸ்டுக்குத் தேதி பார்க்காமல் அந்த வாரமே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.